இருபது கிலோவுக்குக் கீழே

"தயவுசெய்து கணினியை அணைத்துவிடாதீர்கள்"
என்று அது கெஞ்சும்போது விடிகாலை நாலேகால்.
மேடைமேல் ஒரு வைக்கோல் லாரி,
அதன் பின்னால் எம்-சாண்ட், அதன் பின்னால்
பாவூர்சத்திரத்துத் தக்காளி, அதன் பின்னால்
புளியரை வளைவு வரைக்கும் வெறும் ஹாரன்.

முப்பத்தேழு சதவீதம்.

தங்கச்சன் கண்ணாடியைத் தட்டுகிறார்:
"சேச்சி, ஒந்நு வேகம்."
பீடியைப் பற்றவைக்கிறார், நேரமிருக்கிறது என்று தெரிந்தே.

முப்பத்தேழு சதவீதம்.

வாங்கின புதிதில் நன்றாகத்தான் ஓடியது.
பொத்தானை அழுத்திவிட்டு
ஃபிளாஸ்க் மூடியைத் திருகி முடிப்பதற்குள் திரை வந்துவிடும்.
பிறகு ராத்திரி ராத்திரியாக யாரோ வந்து
எதையோ ஏற்றிவிட்டுப் போனார்கள்.
பில் இல்லை, பெர்மிட் இல்லை.
கோட்டைவாசலில் என்றால் மடக்கியிருப்பார்கள்.
வானிலை சொல்ல ஒன்று. சன்னலுக்கு வெளியே சாரல் அடிக்க
அது சென்னையின் வெயிலைச் சொல்லும்.
என் குரலைக் கேட்க ஒன்று, சீட்டு விளையாட ஒன்று.
பங்குச்சந்தை நிலவரம், எனக்கு.

ஐசக் முதலாளியிடம் புதுசு கேட்டேன்.
புதுசில் அந்த ஒன்பது ஊசி வாய் கிடையாதாம்,
மேடையின் வயர் அதில்தான் பொருந்துமாம்.
"ஓடுற வரைக்கும் ஓட்டு, புஷ்பம்."
டயருக்கும் அவர் இதையேதான் சொல்வார்.

அந்தப் பக்கம் ஹர்த்தால் வந்த வியாழக்கிழமை
ஒரு வண்டியும் ஏறவில்லை.
நாலு திருகைக் கழற்றினேன்.
உள்ளே வைக்கோல் தூசி, உடைந்த பல்லி முட்டை,
விசிறியின் கழுத்தில் சுற்றிச் சுற்றி
ஒரு நீள முடி. என்னுடையதுதான்.
பெயிண்ட் பிரஷால் கூட்டினேன்.
சுழலும் தட்டை எடுத்துவிட்டு
தென்காசியில் வாங்கிய சுழலாததை வைத்தேன்.
ஆயிரத்து எழுநூறு, என் காசு.
பழையதை அதற்குள் நகலெடுக்க மத்தியானம் முழுக்கப் போயிற்று.
பிறகு அந்தப் பட்டியல்:
கூப்பிடாமலே காலையில் வந்து வரிசை நிற்கிறவர்கள்,
இருபத்திரண்டு பேர்.
ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினேன்.
ஒருவனை நிறுத்தியதும் எடையே வரவில்லை,
அவனை மட்டும் திரும்பக் கூப்பிட்டேன்.

மூடுவதற்கு முன்னால் ஒரு ஆசை.
பெட்டியைப் படுதாவில் சுற்றித் தூக்கிப்போய்
மேடை நடுவில் வைத்துவிட்டு வந்து பார்த்தேன்.
சிவப்பு எண்ணில் பூஜ்யம்.
அறுபது டன் தாங்கும் மேடைக்கு
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
நான் ஏறி நின்று
சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்: அறுபது.
பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்: அறுபது.
ஐந்து வருஷத்து அப்டேட் எல்லாம் என் இடுப்பில் இருந்தது.
சாரலில் நனைந்துகொண்டு ரொம்ப நேரம் சிரித்தேன்.
பார்க்க ஒரு நாய்தான் இருந்தது.

வெள்ளி, நாலேகால்.
பொத்தான். ஃபிளாஸ்க் மூடி பாதிகூடத் திரும்பவில்லை.
தங்கச்சன் இறங்கிவந்து தீப்பெட்டியைத் தேடுவதற்குள்
சீட்டு கிழிந்து நீட்டியிருக்கிறது.
அதை வாங்கி இரண்டு தரம் வாசிக்கிறார்.
பீடியைக் காதில் செருகுகிறார்.
"இத்ர வேகம் வேண்டாயிருந்நு"
என்று சொன்னபடி ஏறிப் போகிறார்.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் முளைக்கிறது:
புதிய பதிப்பு தயார், இன்றிரவு நிறுவட்டுமா?
எத்தனை கிலோ, என்று கேட்டேன்.
அது பதில் சொல்லவில்லை.
"பிறகு" என்பதை அழுத்தினேன்.
மேடை அதிர்ந்தது. தக்காளி.
பதினாலாயிரத்து நானூற்று அறுபது.